ஒரு பட்டன், ஒரு சத்தம்

ஜூன் 3, திங்கள்

பார்சல் வந்துவிட்டது. பிரித்து மேசையில் கொட்டினேன். அறுபத்து நான்கு பட்டன்கள், பதிந்த சத்தத்தை ஒலிக்கிற நகத்தளவு பாட்டுப் பெட்டி ஒன்று, ஸ்பீக்கர் ஒன்று, மூளை என்று சொல்லப்படும் நீலப் பலகை ஒன்று, பற்றவைக்கிற சால்டரிங் இரும்பு, ஒரு கற்றை வயர். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'தொடக்கநிலையாளர்களுக்கு ஏற்றது. மிக எளிது.' இதை எழுதியவன் கையில் கிடைத்தால் வாழைத்தாரோடு சேர்த்துக் கட்டி ஏலம் விட்டுவிடுவேன். எது எதோடு சேரும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

செய்வதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்தால் பிழை எங்கே என்று பிறகு கண்டுபிடிக்கலாம் என்று இணையத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் இந்த நோட்டு. வேறு காரணம் இல்லை.

நோட்டு தொலைந்து யார் கையிலாவது கிடைத்தால்: பெயர் வெள்ளியங்கிரி, வயது ஐம்பத்தாறு, ஊர் கோபி. இருபத்தேழு வருடம் வாழைத்தார் மண்டியில் ஏலம் விட்டவன். என் குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் என்பார்கள். போன அக்டோபரில் புற்றுக்காகக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு விடுகிறேன். பேச்சு கிடையாது. சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன்.

பேச வழி இருக்கிறது என்கிறார்கள். தாடைக்குக் கீழே அழுத்திப் பிடித்தால் பேசும் கருவி ஒன்று. கேட்டுப் பார்த்தேன், தகர டப்பாவுக்குள் வண்டு. இன்னொன்று, காற்றை உணவுக் குழாய்க்குள் தள்ளி ஏப்பம்போல வெளியே எடுத்து அதையே பேச்சாக்குவது. அதற்குக் கோவையில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடக்கிறது. எனக்கு இரண்டும் வேண்டாம். எனக்கு வேண்டியது என் குரல். பழைய பதிவுகளில் அது இருக்கிறது. அறுபத்து நான்கு சொற்களை வெட்டி எடுத்து, ஒரு பட்டனுக்கு ஒரு சொல் வைத்தால், பட்டனைத் தட்டியதும் வெள்ளியங்கிரி பேசுவான். அவ்வளவுதான் திட்டம்.

வசந்தாமணி சாப்பிடக் கூப்பிட வந்தவள் மேசையைப் பார்த்து நின்றாள். "இத்தனையும் எதுக்குங்க?"

சிலேட்டில் 'பேச' என்று எழுதினேன். படித்தாள். "சோறு ஆறுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கட்டின மனைவிக்கு இருக்கிற ஆர்வம் இவ்வளவுதான்.

ஜூன் 4, செவ்வாய்

மகள் பெங்களூருக்குப் போகும்போது விட்டுப்போன லேப்டாப்பில் நீலப் பலகையைச் செருகினேன். லேப்டாப் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை செருகி எடுத்துச் செருகி எடுத்து விரல் வீங்கியதுதான் மிச்சம்.

ஜூன் 8, சனி

கோவை போய்வந்தேன். வசந்தாமணி விடியற்காலையிலேயே எழுந்து புளிசோறு கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. காந்திபுரத்தில் இறங்கி மெல்லிய வயர் வாங்கினேன், ஐந்து நிறத்தில். வயரின் தடிமனுக்கு "எத்தனை கேஜ்?" என்று கடைக்காரன் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? வயர் வயராக இருந்தால் போதாதா?

வீட்டுக்கு வந்ததும், "வகுப்பு எப்பிடிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். 'பரவாயில்லை' என்று எழுதினேன்.

ஜூன் 12, புதன்

நான்கு நாள் உட்கார்ந்து அறுபத்து நான்கு பட்டனையும் பற்றவைத்து முடித்தேன். கண் எரிகிறது, கழுத்து வலிக்கிறது. பார்க்க மீன்வலை மாதிரி இருந்தாலும் முடித்தது முடித்ததுதான். பெருமையோடு பேட்டரியை இணைத்தேன்.

ஒன்றும் பேசவில்லை. சரி, எங்கோ ஒரு வயர் விலகியிருக்கும் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த வசந்தாமணி ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"ஏனுங்க, கருகற வாசம் தெருவரைக்கும் வருது! உங்களுக்குத் தெரியலீங்களா?"

தெரியவில்லை. மூக்கு வழியாகக் காற்றுப் போனால்தானே வாசம். மூக்கு இப்போது முகத்தில் சும்மா இருக்கிறது. ஆனால் புகை மட்டும் கழுத்துத் துளை வழியாக நேராக நுரையீரலுக்குப் போய்விட்டது. கால் மணி நேரம் இருமினேன். அவள் பேட்டரியைப் பிடுங்கி வாசலில் வீசினாள், ஜன்னலைத் திறந்தாள், துளை மேல் ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டு முதுகைத் தடவினாள்.

பாட்டுப் பெட்டி கருகிவிட்டது. நான்கு நாள் வேலை.

ஜூன் 14, வெள்ளி

மார்க்கெட்டுக்குப் பின்னால் மிக்ஸி, டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் ரெஜினாவிடம் போனேன். முப்பத்தைந்து வயது இருக்கும். மீன்வலையைத் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தாள். சிரிக்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

"இதுக்கு முன்னாடி என்னங்ணா செஞ்சிருக்கீங்க?"

'ஒன்றுமில்லை' என்று எழுதினேன்.

"ஒரு லைட்டு எரிய வெச்சிருக்கீங்களா?"

'இல்லை.'

"லைட்டே எரிய வெக்காம அறுபத்துநாலு பட்டனா?" பலகையோடு வந்த வயரை எடுத்துப் பார்த்தாள். "இது வெறும் சார்ஜ் ஏத்தற வயருங்ணா. இதுல கரண்ட் மட்டும்தான் போகும். லேப்டாப்பு எப்பிடிப் பேசும்?"

ஜூன் 4 அன்று நான் வீங்கவைத்த விரலுக்கு யார் பதில் சொல்வது?

அவள் சொன்னது இதுதான். அறுபத்து நான்கையும் கழற்ற வேண்டும். முதலில் ஒரு லைட்டு. அது எரிந்தால் ஒரு பட்டனைத் தட்டினால் எரிகிற லைட்டு. பிறகு அதே பட்டனுக்கு ஒரு சத்தம். ஒவ்வொன்றும் சரியாக ஓடினபிறகுதான் அடுத்தது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்; இரண்டை மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது. பற்றவைக்கும்போது ஜன்னலோரம், பக்கத்தில் ஃபேன், கழுத்தில் துணி.

"ஒரு பட்டன், ஒரு சத்தம். அது வந்தாப் பாதிக் கெணறு தாண்டியாச்சுங்ணா."

'நாள் ஆகும்' என்று எழுதினேன்.

"உங்களுக்கு என்ன அவசரம்?"

இருபத்தேழு வருடம் ஒரு தாரை அரை நிமிடத்தில் விற்றவனைப் பார்த்துக் கேட்கிறாள்.

ஜூன் 17, திங்கள்

ஒரு லைட்டு. சிவப்பு. எரிகிறது, அணைகிறது, எரிகிறது.

மூன்று நாளாக இதற்குத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அரை மணியில் செய்வார்கள் என்று ரெஜினாவே சொல்லிவிட்டாள். இருந்தாலும் சமையலறையிலிருந்து வசந்தாமணியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். "அட, எரியுதுங்க" என்றாள். அவள் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆயிற்று என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தால், இந்த ஆறு மாதமாக அவள் அடிக்கடி சிரிக்கத்தான் செய்கிறாள்.

ஜூன் 22, சனி

கோவை. மழை. புதிய பாட்டுப் பெட்டி வாங்கினேன், கெட்டால் மாற்ற இன்னொன்றும். வகுப்பு நடக்கிற கட்டிடத்தைத் தாண்டித்தான் பஸ் போகிறது. இறங்கவில்லை, நேரமில்லை.

'இன்றைக்கு ட சொல்லிக் கொடுத்தார்கள்' என்று வீட்டில் எழுதிக் காட்டினேன். "சொல்லிக் காட்டுங்களேன்" என்றாள். 'தொண்டை வலி' என்று எழுதினேன்.

ஜூன் 26, புதன்

பட்டனைத் தட்டினால் லைட்டு எரிகிறது. அடுத்தது சத்தம். சத்தத்துக்குக் குரல் வேண்டும். வசந்தாமணியின் போனை வாங்கி, நான் வாட்ஸாப்பில் அனுப்பின பேச்சுகளை ஒவ்வொன்றாக லேப்டாப்பில் ஏற்றினேன். மண்டியில் யாரோ எடுத்த வீடியோக்களும் இருக்கின்றன. அதிலெல்லாம் 'ஒரு தரம், ரெண்டு தரம்' மட்டுமே. வீட்டில் அதை வைத்து என்ன செய்வது?

எட்டு மாதத்துக்குப் பிறகு என் குரலைக் கேட்டேன். நல்ல கனம். அதை மறுக்க முடியாது.

சொற்களைத் தேடும்போதுதான் சள்ளை ஆரம்பித்தது. கிடைத்தவை: 'எங்க', 'இந்தா', 'வேண்டாம்', 'என்ன', 'சாவி', 'போ', 'எத்தனை தடவை சொல்றது', 'காதுல விழுதா இல்லையா'. இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. 'இந்தா' மட்டும் இருபதுக்கு மேல். என் பட்டியலில் நான் எழுதி வைத்திருந்த 'நல்லாருக்குது' இல்லை. 'உட்காரு' இல்லை.

ஜூன் 27, வியாழன்

'சாப்பிட்டயா' என்று ஒரு இடத்தில்கூட இல்லை. நேரில் கேட்டிருப்பேன். நேரில் கேட்பதை யார் பதிவு செய்துவைக்கிறார்கள்?

ஜூன் 28, வெள்ளி

அவள் பெயரும் இல்லை. எங்கள் பக்கம் கட்டினவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் குறைவு. அதனால் இருக்காது. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

ஜூலை 1, திங்கள்

நான்கு பட்டன்கள் ஆயிற்று. பாட்டுப் பெட்டிக்குள் செருகுகிற மெமரி அட்டையில் நான்கு சொற்களை ஏற்றினேன்: முதலாவது 'தண்ணி', இரண்டாவது 'சோறு', மூன்றாவது 'வேண்டாம்', நான்காவது 'வா'. அழகாக எண் போட்டு வைத்தேன்.

முதல் பட்டனைத் தட்டினால் 'வா' என்கிறது. இரண்டாவதற்கு 'வேண்டாம்'. எண்களை மாற்றிப் போட்டேன். இப்போது முதல் பட்டனுக்குச் 'சோறு'. அழித்து மறுபடி ஏற்றினேன். 'வேண்டாம், வேண்டாம், வேண்டாம்' என்று மூன்று தடவை சொன்னது. எனக்கும் அதையே சொல்லத் தோன்றியது.

ஜூலை 4, வியாழன்

ரெஜினா விளக்கினாள். இந்தச் சனியன் பிடித்த பாட்டுப் பெட்டி பெயரையோ எண்ணையோ பார்ப்பதில்லை. அட்டையில் எது முதலில் ஏறியதோ அதுதான் அதற்கு ஒன்று. அட்டையைத் துடைத்துவிட்டு வரிசையாக ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். மூன்று தடவை சொன்னதற்குக் காரணம் பட்டன்: ஒரு தட்டு தட்டினால் அது உள்ளுக்குள் துள்ளித் துள்ளி மூன்று தட்டாகக் கணக்குக் கொடுக்கிறது. முதல் தட்டுக்கப்புறம் கொஞ்ச நேரம் காது கேட்காத மாதிரி இரு என்று பலகையில் ஏற்றுகிற நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதுமாம்.

இவ்வளவையும் அந்தச் சீட்டில் 'மிக எளிது' என்பதற்குப் பதிலாக எழுதியிருக்கலாம்.

"யாருக்குங்ணா முதல்ல பேசிக் காட்டப் போறீங்க?" என்றாள். 'வீட்டில்' என்று எழுதினேன். "அக்கா அழுதுருவாங்க பாருங்க" என்றாள்.

ஜூலை 9, செவ்வாய்

ஓடுகிறது. நான்கு பட்டனும் சொன்னதைச் சொல்கின்றன, ஒரு தடவை மட்டும். பழைய பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் துளை போட்டுப் பொருத்தினேன். பார்க்கவே ஒரு மரியாதையாக இருக்கிறது.

அவளுக்குச் சொல்லாமல் சமையலறை வாசலில் போய் நின்றேன். முதுகைக் காட்டிக்கொண்டு தோசைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். தட்டினேன்.

'தண்ணி!'

ஸ்பீக்கரில் சத்தம் அதிகம் வைத்திருந்தேன். கரண்டி கீழே விழுந்தது. திரும்பினவள் என்னைப் பார்க்கவில்லை, நேராகத் தண்ணீர்க் குடத்துக்குப் போனாள். சொம்பில் மோந்து, இரண்டு கையாலும் நீட்டினாள். முகத்தில் ரத்தமே இல்லை. அப்புறம்தான் டப்பாவைக் கவனித்தாள்.

நான் சிரித்து, டப்பாவைத் தூக்கிக் காட்டினேன். அவள் சொம்பை மேடையில் வைத்தாள். அடுப்பை அணைத்தாள். கொல்லைக்குப் போனாள். தோசை கல்லிலேயே கிடந்தது. எனக்கு வாசம் வராது, அதனால் கருகியதும் தெரியவில்லை.

ஒரு மாத உழைப்பு. ஒரு வார்த்தை, நல்லாருக்குது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

ஜூலை 10, புதன்

ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தேன்.

ஜூலை 11, வியாழன்

அவள் டப்பா இருக்கிற அறைக்கு வருவதில்லை. ஜன்னல் மட்டும் வெளியிலிருந்து திறந்துவிடுகிறாள்.

ஜூலை 14, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

நேற்று கோவை போயிருந்தேன், வேறு எதற்கு, கழற்றும்போது உடைந்ததற்குப் பதிலாக எட்டுப் பட்டன் வாங்க. வீட்டுக்கு வந்தபோது வசந்தாமணி முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் இருந்தது.

"அமுதவல்லின்னு ஒருத்தங்க பேசுனாங்க" என்றாள். "பேச்சு வகுப்பு டீச்சராமா. முதல் நாள் வந்தவரு அப்பறம் வரவே இல்லையே, உடம்புக்கு ஏதாச்சுமான்னு பயந்து கேட்டாங்க."

சிலேட்டைத் தேடினேன்.

"எழுத வேண்டாங்க, நாஞ் சொல்றேன். சனிக்கெழம சனிக்கெழம விடியல்ல எந்திரிச்சு சோறு கட்டிக் குடுத்தனே, எதுக்குங்க? ட சொல்லிக் குடுத்தாங்கன்னு எழுதிக் காட்டுனீங்களே!"

'என் குரலைத் திரும்ப எடுக்கத்தான்' என்று எழுதினேன். கோபத்தில் சாக்பீஸ் உடைந்தது. 'உனக்காகவும்தான்.'

அவள் அதைப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள்.

"எனக்கு அந்தக் குரல் வேண்டாங்க."

நான் அவளைப் பார்த்தேன்.

"கோவிச்சுக்காதீங்க. கோவிச்சுக்கிட்டாலும் சரி, சொல்லீர்றேன். ஆசுபத்திரில இருந்து வந்தப்ப அழுதேன், இந்த மனுசன் இனிப் பேசவே மாட்டாரேன்னு. பொய்யில்லீங்க. தை மாசம் ஒரு நாள் துணி காயப் போட்டுட்டு இருக்கறேன், யாரோ பாடற மாதிரி இருக்குது. பாத்தா நாந்தான். திடுக்குனு நிறுத்திப்போட்டேன். கட்டிக்கிட்டு வந்து முப்பது வருசத்துல இந்த வீட்டுல நான் பாடுனதே இல்லீங்க. அன்னைக்குப் பூரா யோசிச்சேன், ஏன்னு. வாசல்ல உங்க வண்டிச் சத்தம் கேட்டாலே கையில இருக்கறதப் போட்டுட்டு ஓடியாருவேன். இப்ப ஓடறதில்லீங்க. அந்தப் பொட்டியில தண்ணின்னு கேட்டப்ப, மறுபடி ஓடிட்டேன்."

வெளியே யாரோ பால்காரனைக் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பண்ணாரி அம்மனுக்கு உங்க உசுருக்கு நேந்துக்கிட்டனுங்க. குரலுக்கு நேந்துக்கல."

எழுந்து போய்ச் சோறு போட்டாள். நானும் சாப்பிட்டேன். வேறென்ன செய்வது?

ஜூலை 15, திங்கள்

ஒரு மனிதன் அடித்தானா, குடித்தானா? சத்தமாகப் பேசினான். மண்டியில் சத்தமாகப் பேசினால்தான் பிழைப்பு.

ஜூலை 16, செவ்வாய்

வேலை எதுவும் இல்லை. மழை.

ஜூலை 18, வியாழன்

அவள் கடைக்குப் போயிருந்தபோது அந்த வாட்ஸாப் பேச்சுகளை மறுபடி கேட்டேன். முன்பு என் சொற்களை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது நடுவில் அவள் அனுப்பின பதில்களையும் சேர்த்து, வரிசையாக.

'சாவி எங்க? எத்தனை தடவை சொல்றது?' 'சரிங்க.' 'நீ வர வேண்டாம், நான் பாத்துக்கறேன்.' 'சரிங்க.' 'இந்தா, காதுல விழுதா இல்லையா?' 'சரிங்க.'

கேட்ட கேள்விக்கும் அந்தப் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை. சாவி எங்கே என்று கேட்டால் சரிங்க என்கிறாள். அவளுக்குக் கேள்வியே காதில் விழுந்திருக்காது. சத்தம் மட்டும் விழுந்திருக்கும்.

ஏலத்தில் நூறு பேரைத் தாண்டிக் கேட்க வேண்டிய குரல். அதே குரலில்தான் ஒரு அறைக்குள் உப்புக் கேட்டிருக்கிறேன்.

ஜூலை 19, வெள்ளி

அட்டையைத் துடைத்துவிட்டேன். லேப்டாப்பில் இருந்ததையும். மண்டி வீடியோ ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். அது எனக்கு.

ஜூலை 21, ஞாயிறு

பேசாத டப்பாவை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பாடுபட்டுச் செய்ததைக் குப்பையில் போட மனம் வரவில்லை. கடைக்குப் போனால் சிலேட்டை நீட்டுவதற்குள் பின்னால் நிற்பவன் முன்னால் போய்விடுகிறான். டப்பா வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கப்புறம் எழுதிக் காட்டினேன்: 'உன் குரலில் வைக்கலாமா?'

"ஏனுங்க, ஆம்பளை கையில பொம்பளைக் கொரலா? ஊரே சிரிக்கும்."

'சிரிக்கட்டும்.'

யோசித்தாள். பாத்திரம் கழுவினாள். மறுபடி யோசித்தாள். பிறகு வந்து போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, வங்கியில் கையெழுத்துப் போடுகிறவள் மாதிரி விறைப்பாக நின்றாள். முதல் தடவை எலி கத்துகிற சத்தம்தான் வந்தது. 'சத்தமாக' என்று எழுதினேன்.

"சத்தமாப் பேசிப் பழக்கம் இல்லீங்க."

எழுதியதை அழித்துவிட்டு, போனை இன்னும் பக்கத்தில் பிடிக்கச் சைகை காட்டினேன்.

ஐந்தாவது தடவைக்கு மேல் சூடுபிடித்தது. 'வணக்கமுங்க.' 'கொஞ்சம் நில்லுங்க.' 'இவருக்குப் பேச்சு வராது, காது நல்லாக் கேக்கும்.' கடைசியில் 'டீ ஒண்ணு' என்று எழுதிக் கொடுத்தேன். "டீ ஒண்ணு, சர்க்கரை கம்மியா" என்று பதிவு செய்தாள். 'கம்மி வேண்டாம்' என்று எழுதினேன்.

"உங்களுக்குச் சுகர் இருக்குதுங்க."

'நான் சொல்லாததை ஏன் சேர்க்கிறாய்?'

"அப்ப வேற ஆளைப் பாத்துக்கங்க."

முப்பது வருடத்தில் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. வேறு ஆளுக்கு எங்கே போவேன்?

ஜூலை 25, வியாழன்

மார்க்கெட் டீக்கடை. கூட்டம். டப்பாவைத் தூக்கித் தட்டினேன். 'டீ ஒண்ணு, சர்க்கரை கம்மியா' என்று வசந்தாமணி கணீரென்று சொன்னாள். டீ மாஸ்டர் சுற்றும்முற்றும் பார்த்தார். "அண்ணி எங்கிருந்து பேசறாங்க?" என்றார். தெரிந்ததும் கடையே சிரித்தது. மண்டி ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். என் குரலைக் கேட்டு நடுங்கின பையன்கள்தான் ஒரு காலத்தில். அவர்களும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. பிறகு என் தோளும் குலுங்க ஆரம்பித்துவிட்டது. சத்தமில்லாமல் சிரிப்பது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன்.

டீ வாயில் வைக்க முடியவில்லை. சர்க்கரையே போடவில்லை படுபாவி.

ஜூலை 27, சனி

வகுப்புக்குப் போனோம். அவளும் கூட வந்தாள், நம்பிக்கை இல்லை என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டு.

இனிமேல் எழுதிவிடலாம். முதல் நாள் நான் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். அமுதவல்லி டீச்சர் என்னை எழுந்து நின்று சொல்லச் சொன்னார். ஆறே பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்தேன், வரவில்லை. மறுபடி திறந்தேன். எத்தனையோ ஆயிரம் பேர் முன்னால் நின்றவன், ஆறு பேர் பார்க்க, திறந்த வாயோடு நின்றேன். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவந்தேன்.

இன்றைக்கும் வரவில்லை. ஆனால் ஓடவில்லை. டீச்சர் பக்கத்தில் வந்து, "முழு வார்த்தை வேண்டாங்க சார். 'பா' மட்டும். காத்தை வாயில பூட்டுங்க, நாக்கால பின்னாடி தள்ளுங்க, வர்றப்ப விடுங்க. அது வந்தப்புறம் 'டா'" என்றார். ரெஜினா மாதிரியே பேசுகிறார். எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

என்ன சொல்லை முதலில் சொல்ல ஆசை என்று எல்லாரையும் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்திருந்த வசந்தாமணியை ஒரு பார்வை பார்த்தார்.

"'வ' கடைசிலதான் வரும் சார். நாளாகும்" என்றார் மெதுவாக.

ஆகட்டும்.

ஆகஸ்ட் 3, சனி

வரவில்லை. வயிறுதான் உப்பிக்கிடக்கிறது. பஸ்ஸில் வழியெல்லாம் வேதனை.

ஆகஸ்ட் 7, புதன்

கண்ணாடி முன்னால் ஒரு மணி நேரம். ஒன்றும் இல்லை. கண்ணாடியைத் திருப்பி வைத்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலை பதினொரு மணிக்கு முன்னறையில் உட்கார்ந்து, வழக்கம்போல எரிச்சலோடு பழகிக்கொண்டிருந்தேன். பூட்டு, தள்ளு, விடு. பூட்டு, தள்ளு, விடு. திடீரென்று வந்தது.

'பா.'

கரகரவென்று, தாழ்வாக, கதவு கீல் திரும்புகிற மாதிரி. நான் இதுவரை கேட்டதே இல்லாத ஒரு சத்தம். என் உள்ளிருந்துதான் வந்தது.

சமையலறையில் பாட்டு நின்றது. "கூப்பிட்டீங்களா?" என்று வசந்தாமணி கேட்டாள்.

யோசித்தேன். பழகிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. சிலேட்டை எடுத்துக்கொண்டு வாசற்படி வரை போய் 'ஆமாம்' என்று எழுதிக் காட்டினேன்.

அவள் வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை. "கையில வேலையா இருக்கறனுங்க. இன்னொருக்கா கூப்பிடுங்க, வாறேன்" என்றாள்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் தடவை வெறும் காற்று. இரண்டாவது தடவை அதுவும் இல்லை. மூன்றாவதில் இருமல் வந்து துணியை மாற்ற வேண்டியதாயிற்று. உள்ளே கத்திச் சத்தம் நின்றிருந்தது. காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. அவசரப்படுத்தவில்லை.

நான்காவது தடவை வந்தது. அவளும் வந்தாள்.